ஃபெஸ் நகரின் கார் போகாத சந்துகளில்

காலை 9.20. விமான நிலையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர், நூற்றைம்பது திர்ஹாம். மொராக்கோவின் ஃபெஸ் பழைய நகருக்குள் நுழையும் நீல வாசலில் டாக்ஸிக்காரர் எங்களை இறக்கிவிட்டார். இதற்கு மேல் வண்டி போகாது, யாராக இருந்தாலும் நடைதான் என்றார். சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

காரணம் உண்டு. நான்கு மாதங்களுக்கு முன் ஆபீஸில் வலிப்பு வந்து விழுந்தேன். ஆறு மாதம் கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டெக்சாஸில், எங்கள் பேர்லேண்டில், கார் ஓட்டாதவன் வீட்டு சோபாவுக்குச் சமம். ஆபீஸ், கோயில், ஒரு கேலன் பால், எதற்கும் என் மனைவி மாலதிதான் சாவியை எடுக்க வேண்டும்.

இங்கே சந்துகள் இரண்டு ஆள் அகலம். கேஸ் சிலிண்டர் சுமந்த கோவேறு கழுதைக்குப் பின்னாலிருந்து "பாலக்!" என்று குரல் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மாலதி என் முழங்கையை விடவே இல்லை.

"மெதுவா போங்க. டேப்லெட் போட்டீங்களா?"

தோல் பதனிடும் தொட்டிகளை மாடியிலிருந்து பார்க்க இருபது திர்ஹாம். நாற்றத்துக்கு மூக்கருகே வைத்துக்கொள்ள ஒரு கொத்துப் புதினா தந்தார்கள். பழக்கதோஷம், மென்றுவிட்டேன்.

மதியம் 2.10. விடுதியில் அவள் தூங்கியதும், போனைச் சார்ஜில் விட்டுவிட்டு நழுவினேன். பித்தளைப் பட்டறை, பேரீச்சம்பழக் கடை, கால் போன போக்கில் ஒரு நடை. வழி தெரியவில்லை, கவலையும் இல்லை. ஒரு சலூனில் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். முப்பது திர்ஹாம். யாரையும் கூட்டிப்போகச் சொல்லாமல் முடிவெட்டிக்கொண்டு எத்தனை நாளாயிற்று!

நாலு பேரிடம் வழி கேட்டுத் திரும்பும்போது 4.30. வாசல்படியில் மாலதி நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. விடுதிக்காரர் யூசுஃப் சந்து சந்தாகத் தேடிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"எங்க விழுந்து கிடக்கீங்களோன்னு உயிரே போயிடுச்சுங்க!"

"ஹேர்கட் பண்ணிக்கிட்டேன், மாலு. நாலு மாசமா தனியா எங்கயும் போனதில்ல. மூச்சு முட்டுது."

"நான் மட்டும் எங்க போனேன்? க்ராசரி வாங்கப் போனாகூட, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் உங்களுக்குக் கால் பண்ணிட்டுத்தானே இருக்கேன்?"

இது எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் வெட்கம்.

மறுநாள் காலை 10.00. "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்றாள். நானும் எழுந்தேன். "நீங்க உட்காருங்க."

விமான நிலையத்துக்கு டாக்ஸி பன்னிரண்டரைக்கு. யூசுஃப் வைத்த புதினா டீ ஆறிப்போனது. 10.40க்கு அவளுக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. மாடிக்கும் வாசலுக்குமாக ஏறி இறங்கினேன். ஊரில் கராஜ் கதவு திறந்ததுமே "இவ்வளவு நேரமா?" என்று எரிந்து விழுபவன் நான். இங்கே சந்தில் கேட்ட ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன்.

11.50க்கு வந்தாள். கையில் ஒன்றும் வாங்கி வரவில்லை. நடையில் அவசரமில்லை. எங்கே போனாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன கெடுவில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி. அது அவளுக்கும் பாக்கி என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.