தாழியிலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வரை

கரண்டி மண்ணைச் சுரண்டும்போது ‘சரக், சரக்’ என்று வரும் சத்தம், புதைந்திருக்கும் பானையின் விளிம்பைத் தொட்டதும் ‘ணக்’ என்று மாறும். அந்த மாற்றம் கேட்டவுடன் கையை நிறுத்துவதுதான் என் முதல் தொழிலில் பாதி. திருப்போரூருக்கு மேற்கே ஓர் ஏரிக்கரையில், இறந்தவர்களை வைத்துப் புதைத்த ஈமத்தாழிகளைத் தேடி நாங்கள் வெட்டிய குழியில் முதல் முறை கேட்ட அந்த ‘ணக்’ இன்றும் காதில் இருக்கிறது. அடுத்த நொடி, பள்ளத்துக்குள்ளிருந்து, எங்களோடு தினக்கூலிக்கு மண் அள்ளிய மல்லிகாவின் குரல்: “யக்கா, இங்க ஏதோ கீது!”

இரண்டாவது தொழிலில் சத்தமே கிடையாது. தொல்லியல் ஆராய்ச்சித் திட்டத்துக்கு நிதி நின்றுபோய், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, படூரில் ஒரு கம்பெனியில் பயிற்சிப் பாடம் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். ‘இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர்’ என்று அட்டை அடித்துக் கொடுத்தார்கள். ஊரப்பாக்கத்தில் என் பால்காரருக்கு அது வாயில் நுழையாததால் ‘கம்ப்யூட்டர் டீச்சரம்மா’ ஆனேன். உங்களுக்கும் இந்தத் தொழில் தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு பாடம் அனுப்புவார்கள் அல்லவா? கோட்டு போட்ட பொம்மை ஒன்று கையை ஆட்டி ஆட்டிப் பேசும். அது பேசி முடிக்கும்வரை ‘அடுத்து’ பொத்தான் சாம்பல் பூத்துக் கிடக்கும். அந்தப் பொம்மைக்கு வசனம் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. திட்ட நினைப்பவர்கள் திட்டிவிட்டு மேலே படிக்கலாம். எழுதும்போது நானும் உங்களைப் போலக் கொட்டாவி விட்டவள்தான்.

மல்லிகாவை முதலிலேயே சொன்னதற்குக் காரணம் உண்டு. பல வருஷம் கழித்து, ஒரு வேலைக்காக அவள் தேறியாக வேண்டிய தேர்வுக்குக் கேள்வி எழுதியவளாக நான் அமைந்துவிட்டேன். மூன்று வாய்ப்புதான் கொடுப்பார்கள். முதல் இரண்டிலும் அவள் தோற்றாள்.

நாலும் சரி

வேலைக்கு எடுக்கும் முன் எனக்கே ஒரு சின்னப் பரீட்சை வைத்தார்கள். தேநீர் போடுவது பற்றி ஒரு கேள்வி, நான்கு விடை, அதில் ஒன்று மட்டும் சரி. இப்படி ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். வைத்தவன் பிரவீன். என் தங்கை மகன் வயது. பிறகு அவனே எனக்கு மேலாளர்.

‘இருக்கலாம்’ என்றே வருஷக்கணக்கில் எழுதிப் பழகிய கை என்னுடையது. இந்த ஓடு சமையல் பானையாக இருக்கலாம், படையல் கிண்ணமாகவும் இருக்கலாம். அதே கையால் எழுதினேன்: தண்ணீரை முதலில் கொதிக்க வைக்கலாம், பாலைச் சேர்த்தே கொதிக்க வைக்கலாம், தூளை முதலில் போடும் வழக்கமும் உண்டு, இவற்றில் எது முந்தையது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. பிரவீன் இரண்டு முறை படித்தான். மதுரைக்காரன், கோபத்தையும் மரியாதையாகத்தான் காட்டுவான். “மேடம், நாலுமே சரின்னா, மார்க்கை நான் யாருக்குப் போடுறது?”

வண்டி எப்போது வரும்?

எப்படியோ வேலை கிடைத்தது. முதல் பெரிய பாடம் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிடங்குக்கு: ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப்போகிறவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி. முன்னால் இரண்டு இரும்புக் கொம்பை நீட்டிக்கொண்டு, பெட்டி அடுக்கிய பலகையை அப்படியே தூக்கி வைக்குமே, அந்த வண்டி. நான் அதை அதுவரை பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. ஆனால் எங்கள் தொல்லியல் கூட்டத்துக்கு ஒரு வியாதி. மண்ணை மேலிருந்து கீழே தோண்டுவோம்; எழுதும்போது மட்டும் அடியிலிருந்து ஆரம்பிப்போம். மனிதக் கைபடாத கன்னிமண்ணைத் தொடாமல் எங்களுக்கு முதல் வாக்கியம் வராது.

ஆகவே ஃபோர்க்லிஃப்டைச் சக்கரத்திலிருந்து தொடங்கினேன். உருளைக் கட்டை, மாட்டு வண்டி, கிணற்றுக் கப்பி, மாமல்லபுரத்தில் பாறையை எப்படி நகர்த்தியிருப்பார்கள் என்று சில ஊகங்கள், எல்லாம் படங்களோடு. மாட்டு வண்டியின் அச்சு முனகுவதைப் பற்றி எழுதிய இடத்தை நானே இரண்டு முறை வாய்விட்டுப் படித்துக்கொண்டேன். பிரவீன் ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போனான். வண்டலூரில் கேளம்பாக்கம் பஸ்ஸுக்கு வெயிலில் நிற்பவர்களின் முகம் அவனுக்கு வந்துவிட்டது. கடைசியில் என் பக்கம் திரும்பினான். “மேடம், வண்டி எப்ப மேடம் வரும்?”

தெரிந்த முகம்

கெஞ்சிக் கூத்தாடிச் சக்கரத்துக்கு மட்டும் ஐந்து திரை காப்பாற்றிக்கொண்டேன். கிடங்கில் பாடத்தை முதல் தடவை ஓட்டிப் பார்த்த அன்று நானும் போயிருந்தேன். மஞ்சள் சட்டையும் தலைக்கவசமுமாக ஒரு வரிசை ஆட்கள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு கவசம் எழுந்து நின்றது. “யக்கா! இங்க இன்னாத்த தோண்ட வந்த?”

மல்லிகா. குழி வேலை நின்ற பிறகு இந்தக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்கு வந்திருக்கிறாள். ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. கணினித் தேர்வில் தேறினால்தான் வண்டிச் சாவியைக் கையில் கொடுத்து ஓட்டிப் பழக்குவார்களாம். அன்று அவள் தேறவில்லை. என் சக்கரத்திலும் மாட்டு வண்டியிலும் ஆற அமர ஊர்ந்துவிட்டு, கேள்விகளுக்கு வந்து சேர்ந்தபோது நேரம் முடிந்துவிட்டது. எதற்கு இந்த வயதில் வண்டி ஓட்டும் ஆசை என்று கேட்டேன். அவள் குனிந்து இரண்டு முட்டியையும் தடவிக்கொண்டாள். “நின்னு நின்னு முட்டி தேஞ்சி பூட்ச்சி யக்கா. இந்தக் கம்பெனியில குந்திகினு செய்ற வேல அது ஒண்ணுதான்.”

குழியின் அழகு

மல்லிகாவுக்காகப் பாடத்தைத் திருத்திக்கொண்டிருந்த அதே சமயம் இன்னொரு வேலை வந்தது. மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் குழாய் பதிக்கும் நிறுவனம் ஒன்று, பள்ளம் வெட்டுவதற்குப் பாடம் கேட்டது. இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அகழாய்வுக் குழி என்றால் சுவர் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் அதில் மண்ணின் அடுக்குகளைப் படிக்க முடியும். ஓவியரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அல்வாவைக் கத்தியால் வெட்டியது போல ஒரு குழி வரையவைத்தேன். உள்ளே இரண்டு தொழிலாளிகள், தலைக்கவசத்தோடு, சிரித்த முகமாக.

அந்த நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி நாகர்கோவில்காரர், பெரிய மீசை. என் பழைய தொழிலை முதலிலேயே அவரிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். படத்தை வெகுநேரம் பார்த்தார். “குழி ரொம்ப அழகா இருக்கு மேடம். ஆனா கடக்கரை மணல்ல இப்படி வெட்டி ஆளை எறக்கினா, பின்னாடி உங்க ஆட்கள்தான் வந்து தோண்டி எடுக்கணும்.”

ஏரிக்கரை மனை

அடுத்து வந்தது திருப்போரூர்ப் பக்கம் மனை விற்கிற ஒரு நிறுவனம். விற்பனைப் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். இடத்தைப் பார்த்தால்தான் எழுத வரும் என்று காரில் அழைத்துப் போனார்கள். ஏரி தெரிந்ததுமே எனக்கு இடம் தெரிந்துவிட்டது. எங்கள் குழிகள் இருந்த அதே மேடு. வாசலில் வளைவு, உள்ளே வெள்ளையடித்த எல்லைக் கற்கள். மல்லிகா ‘ஏதோ கீது’ என்று கத்திய இடத்தில் குழந்தைகள் பூங்கா. சறுக்குமரம் வந்து இறங்கியிருந்தது.

எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு, நாங்களே மூடிக் கொடுத்த நிலம். யார் மேலும் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நாணல் காற்றில் உரசும் ஓசை மட்டும் மாறவில்லை. இங்கே ஈமத்தாழிகள் கிடைத்தன, எடுத்தவர்களில் நானும் உண்டு என்று விற்பனை மேலாளரிடம் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பழமையான இடம்னு போடுங்க மேடம், பாரம்பரியம்னு போடுங்க. சுடுகாடுன்னு மட்டும் எங்கயும் வந்துடக் கூடாது, ப்ளீஸ்.”

போண்டா

இதற்குள் மல்லிகா இரண்டாம் முறையும் தோற்றிருந்தாள். சக்கரத்தை நான் அடியோடு எடுத்துவிட்டிருந்தேன், ஆனால் என் வாக்கியங்கள் அப்படியே இருந்தன. ஒரு கேள்வியைச் சொல்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ‘தூக்கிய சுமை ஓட்டுநரின் முன்பார்வையை மறைக்கும் நிலையில், பெரும்பாலான சூழல்களில் ஏற்புடையதாகக் கருதத்தக்க நடவடிக்கை எது?’ கிடங்கு கேன்டீனில் அவளை உட்காரவைத்து, கேள்விகளை வாயால் கேட்டேன். முன்னாடி தெரியலைன்னா என்ன செய்வே? “பின்னாடி ஓட்டுவேன். தெனம் பாக்குறனே.” இப்படி ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. அவளுக்கு நிஜமாகவே தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: சரிவில் சுமையோடு இறங்குவது. நேராக இறங்குவேன், வேறெப்படி என்றாள். நேராக இறங்கினால் சுமை சரியும், வண்டியும் கவிழலாம், ஆளும் போகலாம். இந்த ஓட்டை இரண்டு தேர்விலும் யார் கண்ணிலும் படவில்லை. என் வாக்கியங்கள் அதை மண் போட்டு மூடியிருந்தன.

தட்டை இரண்டு கையிலும் நீட்டிப் பிடித்து, முன்பக்கமாகச் சரித்தேன். போண்டா உருண்டு தரையில் விழுந்தது. இன்னொன்றை வைத்து, மேட்டைப் பார்த்தபடி பின்வாக்கில் இறங்குகிறவள் போலத் தட்டை என் பக்கம் சாய்த்தேன். போண்டா என் மார்பில் முட்டி நின்றுகொண்டது. சுமை மேட்டுப் பக்கம், வண்டி பின்வாக்கில். மல்லிகா தரையில் கிடந்ததையும் தட்டில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள். “குழியில எங்களுக்கு இன்னா சொல்லிக் குட்த்த? ‘சத்தம் மாறுனா நிறுத்து.’ அவ்ளோதான், ஒரு பானை ஒடையல. இதுக்கும் ஒரு போண்டா போதும். உன் பொம்மை இன்னாத்துக்கு யக்கா இம்மா நேரம் பேசிகினு கீது?”

அனுமதி

அந்த வாரமே பாடத்தை வெட்டினேன். ஒரு திரைக்கு ஒரு படம், ஒரு வரி. ‘முன்னால் தெரியவில்லையா? பின்னால் ஓட்டு.’ சரிவுக்குத் தட்டும் போண்டாவும். கேள்விகளைக் குறைக்கவில்லை, சரிவைப் பற்றி ஒன்றுக்கு மூன்றாகவே வைத்தேன். பொம்மையின் வாயை அடைத்துவிட்டேன். பிரவீன் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். இவ்வளவு சின்னதாகக் கொடுத்தால் நாம் வேலையே செய்யவில்லை என்று நினைப்பார்கள் என்று கவலைப்பட்டான். ஓர் ஆளின் கடைசி வாய்ப்பு இது என்று சொன்னேன். அவன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். “சரி மேடம், அனுப்பிடலாம். ஆனா போண்டாவுக்கு மட்டும் கிளையன்ட் அப்ரூவல் வாங்கணும்.”

மூன்றாம் முறை

பாடம் எழுதியவர் தேர்வு அறைக்குள் இருக்கக் கூடாது என்று இந்த முறை சொல்லிவிட்டார்கள். லாரிகள் சரக்கேற்றும் இடத்துக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வண்டிகள் பின்னால் வரும்போது எழுப்பும் ‘பீப், பீப்’ கேட்டபடி இருந்தது. கைக்கெட்டிய கிளையில் ஓர் இலை மிச்சமில்லாமல் உருவிவிட்டிருந்தேன்.

மல்லிகா வந்தாள். கவசத்தைக் கழற்றி இடுப்பில் வைத்திருந்தாள். படியில் ஒவ்வொரு காலாக, கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாள்: “உன் பொம்மை இன்னிக்கி வாயே தொறக்கலியே யக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

குழி தோண்டுவதோ பாடம் எழுதுவதோ, வேண்டாத மண்ணை அள்ளி வெளியே போடுவதுதான் வேலை என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு தொழில் தேவைப்பட்டது. அள்ளிப் போட்ட மண்தான் எனக்கு அதிகம் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம். மல்லிகா அன்று தேறினாள்; இப்போது அந்தக் கிடங்கில் காலை ஷிஃப்டில் உட்கார்ந்தபடி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள்.