சீதன வீட்டில் கொமர்ஸ் வகுப்பு

எனக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டில் எனக்கு முன்னால் குடிபுகுந்தது ஒரு கொமர்ஸ் வகுப்பு. இதைச் சொன்னால் இப்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

இரண்டாம் உலக யுத்த காலம் அது. மட்டக்களப்புப் பட்டினத்தில் அந்த வகுப்பு நடந்த கட்டிடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. சுருக்கெழுத்து, டைப் அடிப்பு, கணக்குப் பதிவு என்று பொடியன்களுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து மாஸ்டர், இரண்டு டைப் மெஷின்களோடு தெருவில் நின்றார். எங்கள் வாவிக்கரையில் இப்படி ஒரு வகுப்பு வேறு கிடையாது. அது மூடினால் படிக்கிறவன் கொழும்புக்குத்தான் போக வேண்டும். எனக்கென்று பேசி வைத்திருந்த மாமி மகனும் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தார். அவர் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் சைக்கிளில் பட்டினத்துக்குப் போனவர், மத்தியானம் எங்கள் ஊரான குருக்கள்மடத்துக்கு வகுப்பையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிறந்த நாளிலிருந்தே தகப்பன் அவளுக்கு வீடு கட்டக் கல்லும் மரமும் சேர்ப்பார். வீடு பெண்ணுடையது. எனக்கு இளையவள் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் ஒன்று கட்ட அப்பாவால் அப்போது முடியவில்லை. எனக்குக் கட்டிய ஓட்டு வீடு மட்டும், சுண்ணாம்பு வாசம் போகாமல், பூட்டியபடி இருந்தது.

"இஞ்சயே படிச்சா இஞ்சயே இருப்பான்" என்றார் அப்பா. "வீடும் இரிக்கி, படிப்பும் இரிக்கி. மறுகா என்னத்துக்கு அவன் கொழும்புக்குப் போறான்?"

"என்ட வீடு எண்டுறீங்க. என்னட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மெதுவாப் பேசு கா. மாஸ்டருக்குக் கேக்கும்" என்று அம்மா என் கையைப் பிடித்தாள்.

கேட்கட்டும் என்றுதானே கத்தினேன்! ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே ஆசை இருந்தது. மச்சானை எனக்குப் பிடிக்கும். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? அவர் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் சுவரில் கரும்பலகைக்கு ஆணி அடித்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் மணவறை வைக்க வேண்டிய நடுக்கூடத்தில் பொடியன்கள் உட்கார வாங்குகள் வந்தன. மை சிந்தியது. வெற்றிலை துப்பாதே என்று நான் யன்னலால் சத்தம் போடாத நாளில்லை.

பின்வளவில் எங்கள் பழைய வீடு. குசினியில் நின்றால் மாஸ்டர் சொல்வது அட்சரம் பிசகாமல் கேட்கும். ஆங்கிலத்தில் கடிதம் சொல்லி எழுதவைப்பார், பிறகு அதைத் தமிழில் விளக்குவார். 'கொழும்புக் கோட்டையிலுள்ள கனவான்களே' என்று தொடங்கும். தேயிலைப் பெட்டி கப்பலில் ஏறியது. றப்பர் நனைந்துவிட்டது. தேங்காயெண்ணெய்ப் பீப்பாய் ஒழுகியது. அடுத்த நாளும் கனவான்களே, அதற்கடுத்த நாளும் கனவான்களே. எங்கள் வட்டையில் நெல் விளைந்தது, காத்தான்குடியில் தறி ஓடியது, பனிச்சங்கேணியிலிருந்து கருவாடு போனது. இவற்றைப் பற்றி ஒருவரும் ஒருவருக்கும் ஒரு வரி எழுதியதை நான் கேட்கவேயில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். "இந்த மனிசன் படிப்பிக்கிறது இஞ்ச இருக்கிறதுக்கா, கொழும்புக் கோச்சி ஏறுறதுக்கா?"

"அது பாடம் புள்ள. பாடத்தில எந்த ஊரு வந்தா என்ன? பொண்ணுட வீடு இஞ்ச இரிக்கக்குள்ள ஆம்புள எங்க போவான்?"

அப்பாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஊரே அப்படித்தான் நினைத்தது. வீடு இருக்கிறது, ஆகவே மாப்பிள்ளை வருவார். வராமலும் போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மச்சான் சோதனையில் சித்தியடைந்தார். காத்தான்குடியில் துணி வியாபாரம் செய்த ஒரு முதலாளி, அப்பாவின் பழைய சிநேகிதர், அந்த வாரமே மஸ்கெற் இனிப்புத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மாஸ்டரும் மச்சானும் இருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால்.

"போடியார், தம்பியை எனக்குத் தாங்க" என்றார் முதலாளி, வயற்காரரான அப்பாவிடம். "கொழும்புக் கடுதாசி ஒண்டு வந்தா அதை வாசிக்க ஆள் தேடி நாள் முழுக்க ஓடித் திரியிறன். இன்ஷா அல்லாஹ் வாற கிழமையே வந்து கடையில இருக்கட்டும்."

அப்பாவின் முகத்தில் வந்த சந்தோசம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மச்சான் தரையைப் பார்த்தார்.

"முதலாளி குறை நினைக்கப்படாது. கொழும்பில ஒரு கொம்பனிக் கந்தோரில உத்தியோகம் கிடைச்சிரிக்கி. மாஸ்டர்தான் எழுதி எடுத்துத் தந்தவர்."

மாஸ்டர் பெருமையோடு தலையாட்டினார். பாவம், அவருக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. முதலாளி தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தார்.

"நல்லம் தம்பி" என்றார். "அங்க இருந்து எனக்குக் கடுதாசி எழுதப்போறது இனி நீங்கதான் போல."

அவர் போன பிறகு அம்மா கேட்டாள்: "அப்ப வீடு?"

"வீடு எங்க போகப்போகுது மாமி? இவவும் என்னோட வரட்டும்."

"பொண்ணு புருசனுக்குப் பின்னால போறதா! எங்கட குடியில ஆரும் அப்படிப் போனதில்ல கா, சொல்லிப்போட்டன்" என்று அம்மா கதவைப் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் கதவைத்தான் பார்த்தார்கள்.

"நான் போறன்" என்றேன்.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். மஸ்கெற் தட்டை மூடிவைத்துவிட்டு, "அப்ப வீடு தங்கச்சிக்கு" என்றார். அவ்வளவுதான். தாலி கட்டி, மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் கோச்சி ஏறினோம்.

தங்கை கல்யாணம் ஆகும்வரை வகுப்பு அங்கேயே நடந்தது. சித்தியடைந்த பொடியன்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்கு வந்தார்கள். ஒருவனும் ஊரில் நிற்கவில்லை. கோச்சியால் இறங்கியதும் நேரே எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்குத்தான் வருவார்கள். ஊர்ப் பிள்ளைகள், சோறு போடாமல் அனுப்ப முடியுமா? உத்தியோகம் கிடைக்கும்வரை முன்னறையில் படுத்துக்கொள்வார்கள். மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. கந்தோர் மனிதராகிவிட்டார் அல்லவா!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் காதில் விழும்படி ஏசினார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"என்ட வீட்டுக்கு வாற ஆக்களை நான் பார்ப்பன். நீங்க உங்கட வேலையைப் பாருங்க."

"உன்ட வீடா?" என்றார் அவர். "இது என்ட வீடு. ஏலாதெண்டா வெளியில போ."

ஒரு ஆண் வாயால் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை. எங்கள் ஊரில் அதைச் சொல்வது பெண். அம்மா அப்பாவுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் சகோதரியான மாமியின் வீட்டுக்குப் போவார். கோபம் ஆறியதும் திரும்பி வருவார். வெளியே போகச் சொன்னால் ஆணுக்குப் போக ஒரு சகோதரி வீடு இருந்தது. ஒரு பெண்ணை வெளியே போகச் சொன்னால் அவள் எங்கே போவாள் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

பொடியன் சோற்றில் கையை வைத்தபடி தலை குனிந்திருந்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெரு வாசலுக்கு வந்தேன். எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.