நாளைக்கு முப்பத்தாறு

என் அத்தான் மாதிரி ஒரு கஞ்சனை நீங்கள் பார்த்திருக்க முடியாது. வெங்காயத்தின் மேல்தோலைக்கூடத் தூக்கிப் போடமாட்டார். காயவைத்து எடுத்து, மறுநாள் அடுப்பு பற்றவைக்க வைத்துக்கொள்வார். குடிதண்ணீர்ப் பீப்பாயின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். ஒரு குவளை கூடுதலாகக் கேட்டால் போதும், பெண் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோலத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்ப்பார். இடுப்பில் இரண்டு கத்தி செருகியிருப்பவன்கூட அந்தப் பார்வைக்குக் குவளையைக் கீழே வைத்துவிட்டுப் போவான்.

நாங்கள் இருந்தது கொள்ளைக்கப்பல். ஆசைப்பட்டு ஏறியவர்கள் இல்லை. முதலில் ஒரு சரக்குக் கப்பலில் அவர் சமையல், நான் பாய் தைப்பவன். அவர் என் அக்காவைக் கட்டியவர் என்பதால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஒருநாள் இவர்கள் எங்கள் கப்பலுக்குள் குதித்து, எல்லோரையும் மேல்தளத்தில் வரிசையாக நிறுத்தி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "எவன்டா சமையல்?"

அத்தான் ஒரு கையைத் தூக்கினார். இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இவன் என் கையாளுங்க. இவன் இல்லேன்னா எனக்கு ஒரு வேலையும் ஓடாது."

எனக்கு அடுப்பு ஊதக்கூடத் தெரியாது. ஊதினால் சாம்பல் என் கண்ணில்தான் விழும். ஆனாலும் நான் பலமாகத் தலையாட்டினேன். மற்றவர்களைத் துடுப்பில்லாத ஒரு படகில் இறக்கிவிட்டார்கள். அதன் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

பதினோரு வருஷம் அந்த அடுப்படியில் ஓடியது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சுவிட முடியாத இடம். செங்கல் அடுப்பு, அதன் கீழே மணல் பரப்பிய பெட்டி. கடல் கொந்தளித்தால் முதல் வேலை அந்த மணலை அள்ளி நெருப்பில் கொட்டுவது. ஒரு தணல் உருண்டால் கப்பலே எரிந்துபோகும் என்பதால், கேப்டனைக் கேட்காமல் முடிவெடுக்க அந்தக் கப்பலில் அத்தான் ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது, அதுவும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும். சுவரில் ஆணியடித்து மரக்கிண்ணங்களை மாட்டியிருந்தார். உப்புக்கண்டத்தை மூன்று தண்ணீரில் ஊறவைப்பார். புழு விழுந்த ரொட்டியைத் தட்டித் தட்டி உதிர்ப்பார். எது ஆக்கினாலும் எல்லோர் கண்முன்னாலும் முதல் வாய் அவர் சாப்பிட வேண்டும். விஷம் வைத்தால் அவரே போய்ச்சேரட்டும் என்று கப்பலில் அப்படி ஒரு சட்டம். அவர் மென்று விழுங்கும்வரை அத்தனை பேரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் வருஷம் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அடுப்படிக்கு இன்னொரு குணம் உண்டு. அந்தக் கப்பலில் கதகதப்பான இடம் அது ஒன்றுதான். ஈரமாக வருகிறவன், காயம்பட்டவன், ஊர் ஞாபகம் வந்து முகம் தொங்கிப்போனவன், எல்லோரும் வெந்நீர் கேட்கிற சாக்கில் வந்து நிற்பார்கள். நின்றால் வாய் சும்மா இருக்குமா? மனதில் கிடப்பதையெல்லாம் கொட்டிவிட்டுப் போவார்கள். அத்தான் ஒன்றும் பதில் சொல்லமாட்டார். கேட்டது எதையும் அடுத்தவரிடம் சொல்லவும் மாட்டார். கப்பலில் எவன் எதற்குப் பயப்படுகிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இப்போது கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆள் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. தினமும் சாயங்காலச் சாப்பாடு முடிந்து, அண்டா கழுவிக் கவிழ்த்த பிறகு, அடுப்படி வாசலுக்கு வருவார். நாளைக்கு எத்தனை பேருக்கு ஆக்க வேண்டும் என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்வார். போய்விடுவார்.

முதல் முறை அந்த எண் ஒன்று குறைந்தபோது அத்தான் சிரித்தார். "பாவம், ஆளுக்குக் கணக்கு தப்பிடுச்சு மாப்ளே" என்றார். வழக்கம்போலவே ஆக்கினார். மறுநாள் மத்தியானம் ஒரு கிண்ணம் அப்படியே ஆறிக் கிடந்தது. சுக்கான் பிடிக்கிறவர் சாப்பிட வரவில்லை. கால் வழுக்கிக் கடலில் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். அன்று அத்தான் அந்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அதற்குப் பிறகு எங்கள் அடுப்படியில் யாரும் கேப்டனின் கணக்கைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அந்தப் பதினோரு வருஷத்தில் சண்டை இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், ஆறு முறை எண் குறைந்தது. ஆறு முறையும் எங்கள் இருவருக்கு மட்டும் முன்னாலேயே தெரியும். யார் என்று தெரியாது. ஒருவர் என்று மட்டும் தெரியும். அன்று சாப்பிட்டுப் போனவர்கள் முகத்தையெல்லாம் அத்தான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பார். நாங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் அடுத்த எண் எங்களுடையது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாட்களில் மிஞ்சிய சோற்றை நான் இரண்டாம் தடவை வாங்கித் தின்றிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் நான் தூங்கித் தொலைத்தேன். அன்று பாய்மரத்தின் உச்சியில் என் காவல் முறை, அடுப்படி ஆளுக்கும் அது உண்டு. பட்டப்பகல், நல்ல வெயில், கண் சொருகிவிட்டது. விழித்துப் பார்த்தால் காவல்படைக் கப்பல் ஒன்று கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. எப்படியோ திரும்பி ஓடித் தப்பித்தோம். கேப்டன் என்னைக் கீழே இறங்கச் சொல்லி, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அடிச்சாராடா?" என்று அத்தான் கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் வெளுத்துப்போனது.

பத்து நாள் கழித்து எங்கள் ஊர்த் துறைமுகத்தை நெருங்கினோம். தண்ணீர் பிடிக்க எப்போதாவது ஒதுங்குகிற இடம். அங்கே துறைமுகத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் என் அக்கா இருந்தாள். நாங்கள் இந்தக் கப்பலில் உயிரோடு இருப்பது, தண்ணீர் பிடிக்கப் போய்வருகிறவர்கள் மூலம் அவளுக்குத் தெரியும். ஒதுங்கும்போதெல்லாம் எங்கள் இருவரையும் அடியில் பூட்டிவைப்பது வழக்கம். மறுநாள் காலை கரை தெரியும் என்றார்கள். அன்று சாயங்காலம் கேப்டன் வாசலில் வந்து நின்றார். அன்று கப்பலில் நாங்கள் முப்பத்தேழு பேர்.

"நாளைக்கு முப்பத்தாறு" என்றார். அத்தானைப் பார்த்துச் சொன்னவர், போகும்போது என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"அத்தான், நான்தானே?" என்றேன். அவர் கழுவிய அண்டாவையே எடுத்து மறுபடி கழுவினார். "உங்க அக்கா மூஞ்சியில நான் எப்படிடா முழிப்பேன்" என்று ஒருமுறை சொன்னார். பிறகு கேப்டன் தினமும் குடிக்கிற இஞ்சி வெந்நீரைக் கெட்டிலில் ஊற்றி என் கையில் கொடுத்தார். "நீயும் வா. வாயைத் திறக்காதே."

கேப்டன் அறை எங்கள் அடுப்படியைவிடச் சின்னது. ஒரு கட்டில், ஒரு மேசை. சன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அத்தான் கோப்பையில் ஊற்றி, வழக்கம்போல ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு, மேசையில் வைத்தார். போகாமல் நின்றார்.

"என்ன?"

"தச்சர் நாளைக்கு ஊர்ல இறங்கி ஓடப்போறாருங்க" என்றார் அத்தான்.

எங்கள் தச்சரை எல்லோரும் மரமண்டை என்றுதான் கூப்பிடுவோம். அவரும் 'என்னடா' என்று சிரித்துக்கொண்டே வருவார். பிறந்ததிலிருந்து பார்க்காத ஒரு மகள் அவருக்கு உண்டு. ஓடப்போவதை அத்தானிடம் மட்டும் சொல்லியிருந்தார். வழிக்கு வேண்டுமென்று ரொட்டி கேட்டிருந்தார். அந்தக் கஞ்ச மனிதர், ஒரு குவளை தண்ணீருக்கு முறைக்கிறவர், பத்து நாளாகத் தன் பங்கு ரொட்டியை மாவுத் தொட்டிக்குள் அவருக்காகச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். ஓடுகிறவனுக்கு அந்தக் கப்பலில் என்ன தண்டனை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"பொய்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் தலை தப்பினால் போதும் என்று நின்றேன்.

கேப்டன் இஞ்சி வெந்நீரை நிதானமாகக் குடித்தார். "இதை எதுக்கு இப்ப சொல்றே?"

"ஒருத்தர் குறையுதுன்னா... அது ஓடப்போறவரா இருக்கட்டும். இவன் வேணாங்க. தெரியாம தூங்கிட்டான்."

கேப்டன் என்னைப் பார்த்தார், பிறகு அத்தானைப் பார்த்தார். புரிந்துகொண்டு சிரித்தார். பதினோரு வருஷத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"இவனையா? இவனை நான் எதுக்குய்யா கொல்லணும்? தூங்குறவனை மேல ஏத்துறதுக்குப் பதிலா அடுப்படியில வெச்சுக்கலாம், சமையல்தான் கத்துக்கிட்டானேன்னு நினைச்சேன். நாளைக்கு உன்னை உன் ஊர்ல இறக்கிவிடறதா இருந்தேன். பதினோரு வருஷம் போதும்னு தோணுச்சு. முந்தாநாள் வந்த மீன்படகுல உன் பொண்டாட்டிக்கு ஆள்கூட சொல்லி அனுப்பியாச்சு."

அத்தான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பசங்க எல்லாரும் உன்கிட்ட வந்து பேசுறது எனக்குத் தெரியும்" என்றார் கேப்டன். "நீ ஒண்ணும் சொல்லமாட்டேன்னு விட்டுட்டேன். இப்ப வாயைத் திறந்துட்டே. இனிமே உன்னை எப்படிய்யா இறக்கிவிடுவேன்? இப்படி ஒரு காது எனக்கு எங்கே கிடைக்கும்?" கோப்பையைக் காலி செய்து நீட்டினார். "நாளைக்கு முப்பத்தாறுதான். கணக்கு மாறல."

அத்தான் அந்த ஆளின் காலில் விழுந்தார். தான் சொன்னது பொய், பயத்தில் உளறிவிட்டேன் என்று அழுதார். கேப்டன் வாசலில் நின்ற இருவரைக் கூப்பிட்டு, எங்களை அடுப்படியில் கொண்டுபோய்ப் பூட்டச் சொன்னார். பூட்டிய கதவுக்கு வெளியே தச்சர் வழக்கம்போல வெந்நீர் கேட்டு வந்து தட்டினார். "என்னய்யா, இவ்வளவு சீக்கிரம் கதவைச் சாத்திட்டே?" என்று கேட்டார். அத்தான் உள்ளிருந்து "ஓடுய்யா, ஓடு" என்று கத்தினார். அதற்குள் மேல்தளத்தில் பல பேருடைய காலடிச் சத்தம் கேட்டது. நடுக்கடலில் மனிதன் எங்கே ஓடுவான்?

காலையில் கதவைத் திறந்தார்கள். அத்தான் அடுப்பு பற்றவைத்து முப்பத்தாறு பேருக்கு ஆக்கினார். முதல் வாயை எல்லோர் முன்னாலும் சாப்பிட்டார். அன்றிலிருந்து அடுப்படிக்கு யார் வந்தாலும் கரண்டியால் அண்டாவைத் தட்டி விரட்டுவார். "பேசாதே, வாங்கிட்டுப் போ, ஒண்ணும் சொல்லாதே" என்று காட்டுக்கத்தல் கத்துவார். ஆள் கிறுக்காகிவிட்டார் என்று அவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் பேசத்தான் செய்தார்கள்.

அன்று மதியம் தண்ணீர் பிடிக்கப் படகு போனது. இந்த முறை என்னைப் பூட்டவில்லை. கரையில் நிற்கிறவளிடம் ஏதாவது சொல்லிவிட்டு வா என்று கேப்டன் என்னையும் இரண்டு காவலாட்களோடு ஏற்றிவிட்டார். கிளம்பும்போது அத்தான் என் கையைப் பிடித்தார்.

"நான் செத்துட்டேன்னு சொல்லிடு மாப்ளே. உயிரோட இருக்கேன்னு சொன்னா காத்துக்கிட்டே கிடப்பா."

அக்கா படகுத்துறையின் கோடியில் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. கையில் ஒரு ஜோடி புதுச் செருப்பு, அவர் அளவு. என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது. பிறகு எனக்குப் பின்னால் படகில் தேடினாள்.

"எங்கடா உங்க அத்தான்?"

"இந்தத் தடவை முடியலக்கா. வேற சமையல் ஆள் கிடைக்கல. அடுத்த தடவை கண்டிப்பா வந்துடுவாரு."

அவள் மேல் இருந்த பாசத்தால் சொன்ன பொய் அது என்று நீங்கள் நினைத்தால் தப்பு. செத்துவிட்டார் என்று சொன்னால் எப்படி, எதனால் என்று கேட்பாள். கேட்டால், அதில் எங்கோ ஓர் இடத்தில் நான் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பயத்தில்தான் சொன்னேன். அவளை இன்னும் எத்தனை வருஷம் அந்தத் துறையில் நிற்கவைக்கப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் கப்பலையே பார்த்தாள். பிறகு செருப்பை என்னிடம் கொடுத்து, என் கன்னத்தைத் தடவினாள்.

"பரவாயில்லடா. நீ அவர்கூட இருக்கேன்னுதான் நான் நிம்மதியா தூங்குறேன்" என்றாள்.