ஐம்பது மீட்டர் லைனிங்

தையல்காரக்கா யாரைப் பார்த்தாலும் முதலில் தோளைத்தான் பார்ப்பாள். பெயர் மறந்துவிடும், அளவு மறக்காது. "நீ முப்பத்தெட்டுதானே?" என்றுதான் நலம் விசாரிப்பாள்.

அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் மட்டும் மடங்காது. இஸ்திரிப் பெட்டி விழுந்ததென்று ஆறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். முறுக்கியது புருஷன் என்று போன மாதம் நீதிபதியிடம்தான் முதன்முதலாகச் சொன்னாள். பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது: வீட்டுக்கும் கடைக்கும் ஐம்பது மீட்டருக்குள் அவன் வரக்கூடாது. அந்தத் தாளுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை தைத்து, ஜிப்பும் வைத்து, கத்தரிக்கோல் மாட்டும் ஆணியில் தொங்கவிட்டாள்.

மறுநாளே அவன் எதிர்வரிசை சலூன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். சற்றுத் தள்ளித்தான், ஆனால் அங்கிருந்து அவள் மெஷின் நேராகத் தெரியும். இது ஐம்பதைத் தாண்டிய இடம், கோர்ட்டே அனுமதித்தது என்று கேட்காதவர்களுக்கும் சொன்னான். அக்கா மெஷினைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். அன்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் வலது கையாகவே தைத்துவிட்டாள்.

காவல் நிலையத்தில் தூரம் உறுதியாகத் தெரிய வேண்டும் என்றார்கள். அளந்துவிட்டால் போகிறது என்று இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் குந்தினாள். டேப் நீளமே ஒன்றரை மீட்டர். பத்தொன்பதாவது தடவை வைக்கும்போது ஒருத்தி வந்து கவுன் எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றாள் அக்கா. எண்ணிக்கை போய்விட்டது. மறுபடி தொடங்கினால், அவன் பெஞ்சிலிருந்தே "பதினேழு, நாப்பது, ஒம்பது" என்று உரக்க எண்ணிக் குழப்பினான்.

அக்கா எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள். போன வாரம் வந்த, உடுப்புக்கு உட்புறம் வைத்துத் தைக்கும் ரோஸ் நிற லைனிங் துணிக் கட்டு, பிரிக்காமல் இருந்தது. ஓரத்தில் மில் முத்திரை: ஐம்பது மீட்டர்.

பெண் காவலர் ஒருவரை அழைத்துவந்து, கட்டின் நுனியைக் கடைவாசலில் பிடிக்கச் சொன்னாள். கட்டை உருட்டிக்கொண்டே நடந்தாள். சைக்கிள் ஒன்று துணி மேலே ஏறிப் போனது. சலூன் வாசலைத் தாண்டிய பிறகும் கட்டில் துணி மிச்சமிருந்தது. அதையும் பிரித்தாள். அடுத்த மின்கம்பத்தில் முடிந்தது.

அவன் சலூனுக்குள் நாற்காலியில் இருந்தான். சலூன்காரர் மீசைக்கு டை அடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது.

"துணியை இழுத்துப் பிடிச்சிருக்கா மேடம்," என்று அங்கிருந்தே கத்தினான்.

"இது லைனிங். இழுத்தா கிழியும், நீளாது," என்றாள் அக்கா. "தொட்டுப் பாருங்க மேடம்."

காவலர் கடைவாசலிலிருந்து துணியை ஒட்டியே நடந்து வந்து, தொட்டும் பார்த்தார். பிறகு அவனை எழுந்திருக்கச் சொன்னார். ஸ்டேஷன் வரை நடக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"பாதி மீசை பாக்கியிருக்கு," என்றார் சலூன்காரர்.

"அதை அம்பத்தோராவது மீட்டர்ல வெச்சு அடிச்சுக்கட்டும்," என்றாள் அக்கா.

ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் நரையுமாக அவன் காவலருக்கு முன்னால் நடந்து போனான். சலூன்காரர் கழுத்துத் துண்டை மட்டும் ஓடிப்போய் வாங்கிக்கொண்டார்.

துணியைச் சுற்றி முடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. டயர் தடம் விழுந்த பகுதியையும் வெட்டி எறியவில்லை. உள்ளே போவதுதானே என்றாள். பிறகு மெஷினின் ஒரு காலைப் பிடித்து இழுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, அந்தச் சட்டையின் இடப்பக்கம் இருந்த வலது கையைப் பிரிக்கத் தொடங்கினாள்.