மிஷினை நிறுத்திய கை

சீனி, என்ட சீனித்தம்பி, மதியம் ளுஹர் தொழுதுவிட்டு முசல்லாப் பாயை மடிக்கும்போது போன் அடித்தது. நீதான் என்று நினைத்தேன். சோறு தின்றாயா என்று கேட்கும் நேரம் அது. எடுத்தால் யோகனின் குரல்.

"அக்கா, சேருக்கு நெஞ்சு நோகுதாம். கோமாரி ஊரில வேலை செஞ்சு கொண்டிருந்தவர், அப்பிடியே குந்திட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம். பயப்பிடாதீங்க."

யோகன் துளைக்கும் மிஷினை ஓட்டுகிறவர், பெரியநீலாவணைக்காரர். பல வருடம் என் தம்பியோடு வேலை செய்தவர், அவரை சேர் என்றுதான் கூப்பிடுவார். அவர் 'பயப்பிடாதீங்க' என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. அடுத்த தரமும் யோகன்தான் போன் எடுத்தார். அழுதார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

வீட்டில் நான் அவரை நீ என்றுதான் கதைத்தேன். நாலு பேர் படிக்கிற இடத்தில், மௌத்தான, இனித் திரும்பி வராத ஒருவரை மரியாதையாக எழுதுவதுதான் முறை. ஆகவே அவர் என்றே எழுதுகிறேன்.

அவருடைய பெயர் நஸ்லீம். சீனி என்பது உம்மா வைத்த பெயர். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவர் கெம்பஸ் போய்ப் படித்தார், நிலத்துக்கு அடியில் இருக்கிற கல்லைப் பற்றி. "கல்லைப் படிக்க கெம்பஸ் போகணுமா? எங்கட வளவுல வேண்டியளவு கிடக்கே" என்று மச்சிமார் பகிடி பண்ணுவார்கள். அவரும் சிரிப்பார். "வளவுல கிடக்கிறது வாய் பேசாது. அடியில கிடக்கிறது பேசும்" என்பார்.

படித்து முடித்து, குழாய்க்கிணறு துளைக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். நிலத்துக்குள் எத்தனை அடியில் என்ன கல், எங்கே வெடிப்பு, எங்கே தண்ணீர் என்று துளைக்கும்போதே சொல்வது அவர் வேலை. மற்ற இடங்களில் இதற்குச் சின்னதாக வெடி வைப்பார்களாம். வெடி அதிர்ந்து போய் வருகிற நேரத்தைக் கணக்குப் பார்ப்பார்களாம். எங்கள் பக்கத்தில் அவர் அதைச் செய்ய மாட்டார். ஒருநாள் மேலதிகாரி போனில் சத்தம் போட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். இவர் குரலை உயர்த்தவே இல்லை. "சேர், இந்த ஊர் கேட்ட வெடி போதும். எங்களுக்கு மிஷின்ட சத்தமே காணும்" என்று மட்டும் சொன்னார்.

மிஷின் கல்லை இடிக்கிற சத்தத்தையே அவர் வெடிக்குப் பதிலாக எடுத்துக்கொண்டார். எப்படி என்று கேட்டேன். எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார்.

"ராத்தா, கலியாண வீட்டுல பத்துப் பேர் குரவை போட்டாலும் உங்கட குரல் எதெண்டு எனக்குத் தெரியும். ஏன்? பக்கத்துல நிண்டு கேட்டிரிக்கன். அதுமாதிரி மிஷின்ட தண்டுல ஒரு பெட்டி கட்டுவன். அது பக்கத்துல நிண்டு கேக்கிற ஆள். தூரத்துல நிலத்துல ஜியோபோன் குத்தி வைப்பன், அது நில நடுக்கத்தைக் கேக்கிற காது. அதே சத்தம் அங்க எவ்வளவு பிந்தி வருகிதெண்டு கம்ப்யூட்டர் ரெண்டையும் வெச்சிப் பாக்கும். கெட்டிக் கல்லுல சத்தம் ஓடும். உக்கின கல்லுல நடக்கும். வெடிப்பும் ஈரமும் எண்டா தவழும்."

"அப்ப நான் குரவை போட்டா உனக்கு எவ்வளவு பிந்தி வரும்?"

"நீங்க போட்டா பிந்தாது. முந்தித்தான் வரும்."

இப்படிச் சிரித்துக்கொண்டு சொன்ன அந்த வேலை, பிறகு என் வாழ்க்கையையே பிடித்து நிறுத்தப் போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

என் வீட்டுக்காரர் சுலைமான், நற்பிட்டிமுனை வயல்காரர். ஊருக்கு மேற்கே, வயல் முடிந்து கல்மேடு தொடங்கும் இடத்தில் ஒரு மேட்டுக்காணி வாங்கி நிலக்கடலை போட்டார். தண்ணீருக்குக் கிணறு தோண்டினார்கள். கல்லு வந்துவிட்டது. கிணற்றின் அடியில் ஒரு பக்கத்துச் சுவரில் ஈரம் கசிந்தது. அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குப் பக்கவாட்டில் குடைந்தார்கள். எங்கள் பக்கத்துக்காரர் செய்யும் வேலைதான் இது. தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் போவார்கள், மேலே என்ன தொங்குகிறது என்று பார்க்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் உள்ளே இருக்கும்போது அந்தப் பொந்தின் வாய் இடிந்து மூடியது. கூட நின்றவர் கிணற்றிலிருந்து ஏறிவிட்டார். இவர் உள்ளே.

நான் போய்ச் சேர்ந்தபோது, கிணற்றுக்குள் இறங்கியவர்கள் மண்ணை அள்ளினால் இன்னும் மண் வந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து அலவாங்குக் கம்பியால் கல்லில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. டக், டக். பிறகு கொஞ்ச நேரம் இல்லை. பிறகு டக்.

உயிர் இருக்கிறது, காற்றுத்தான் இல்லை. இதைச் சொல்ல ஒருத்தரும் தேவைப்படவில்லை.

அந்த நேரம் சீனியும் யோகனும் பக்கத்து ஊரில் மிஷின் வைத்திருந்தார்கள். லொறியோடு வந்தார்கள். கம்ப்யூட்டர் பார்க்கிற றிஸ்மியா என்ற பிள்ளையும் கூட வந்தது. சீனி கிணற்றை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேலே, பொந்து இருக்கும் என்று கணக்குப் பார்த்த இடத்தில் காலால் ஒரு கோடு போட்டார்.

"மேலால சின்னத் துளை போடுவம். முதல்ல காத்துப் போகட்டும். காத்துப் போனா, வாய்ப்பக்கத்து மண்ணை ஆறுதலா அள்ளலாம்."

"மிஷின் இடிச்சா மேல்கூரை இறங்காதா?" என்று யோகன் மெல்லக் கேட்டார்.

"கெட்டிக் கல்லு வரைக்கும் தாங்கும். அதுக்குக் கீழ உக்கின கல்லு. அங்க முனை போய் முட்டினா முடிஞ்சிது. அதுக்கு முன்னால நிப்பாட்டோணும். மிச்சத்தைக் கையால இடிக்கலாம்."

ஆகவே அவருக்கு இரண்டு பக்கமும் கத்தி. முந்தி நிறுத்தினால், மிச்சமிருக்கிற கெட்டிக் கல்லைக் கையால் இடித்து முடிப்பதற்குள் உள்ளே மூச்சு நின்றுவிடும். பிந்தி நிறுத்தினால் என் வீட்டுக்காரர் தலையில் கூரை.

தண்டில் பெட்டியைக் கட்டினார். நிலத்தில் ஜியோபோன்களைக் குத்தினார். ஒன்றை வயரோடு கிணற்றுக்குள் இறக்கிச் சுவரில் பதித்தார். அதற்குள் ஊரே வந்துவிட்டது. எங்கள் ஊர் மக்கள் அப்படித்தான். ஒரு வீட்டில் துன்பம் என்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். உழவு மிஷினில் வந்தார்கள், வேனில் வந்தார்கள். தண்ணீர் இறைக்க ஒருத்தர் மோட்டார் போட்டார். ஒரு முச்சக்கர வண்டியில் ஸ்பீக்கரும் ஜெனரேட்டரும் வந்தன. எல்லாம் நல்ல மனதோடு வந்தவை. அவற்றின் நடுக்கம் எல்லாம் நிலத்துக்குள் போனது.

"சேர், ஒண்டும் விளங்கல்ல. எல்லாம் கலங்கிக் கிடக்கு" என்றது றிஸ்மியா.

சீனி லொறியின் மேல் ஏறினார்.

"அல்லாஹ்வுக்காகச் சொல்றன், எல்லா மிஷினையும் நிப்பாட்டுங்க. வாயால துஆக் கேளுங்க, அழுங்க, எனக்குப் பிரச்சினை இல்ல. நடக்காதீங்க. நிண்ட இடத்துல குந்துங்க. உங்கட கால்தான் எனக்கு எதிரி."

ஒவ்வொன்றாக நின்றது. அத்தனை பேரும் வெயிலில் குந்தினார்கள். மிஷின் மட்டும் இடித்தது.

இறங்க இறங்க றிஸ்மியா வேகத்தைச் சொல்லிக்கொண்டு வந்தது. "ஓடுது சேர். இன்னும் ஓடுது." சத்தம் கல்லில் ஓடுகிறது என்றால் மிஷின் போகலாம் என்று எனக்கும் விளங்கியது. ஒருக்கா "கொஞ்சம் மெதுவா வருது" என்றது. பிறகு, "இல்ல, இல்ல, ஓடுது." உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் நீண்ட நேரமாக வரவில்லை.

மாலைத் தொழுகையான அஸர் நேரம் வந்தது. முன்னால் இருந்த ஒருவர், சேர்ந்து தொழ ஜமாஅத் வைப்பதா என்று மௌலவியைக் கேட்டார். மௌலவி குந்தின இடத்திலிருந்து அசையாமல் சொன்னார்: "அஸருக்குப் பொழுது பட்டு மஃரிப் வரைக்கும் நேரமிரிக்கி. அந்த மனிசனுக்கு அப்பிடி இல்ல. குந்துங்க."

அதன் பிறகு கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சீனி கையைத் தூக்கினார்.

யோகன் மிஷினை நிறுத்தவில்லை. நிறுத்தத்தான் சொல்கிறார் என்று அவருக்கு நம்ப முடியவில்லை. "சேர், வெள்ளைத் தூள்தான் வருது! இன்னும் கெட்டிக் கல்லு!"

"நிப்பாட்டு."

"கையால இதை இடிக்க ஏலாது சேர்!"

"யோகன், நிப்பாட்டு!"

சத்தம் நின்றது. சனம் எழும்பியது. என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், பாய்ந்து வந்து சீனியின் சேர்ட்டைப் பிடித்தார்.

"என்ட தம்பி உள்ள சாகிறான், நீ மிஷினை நிப்பாட்டிப் போட்டு விளையாடுறியா? படிச்ச திமிரா? ஓடவிடு!"

சீனி அவர் கையைத் தட்டிவிடவில்லை. என்னைப் பார்த்தார். நான் சொன்னால் அவர் ஓடவிட்டிருப்பாரோ என்னவோ. எனக்குக் கல்லும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. அந்த முகம் தெரியும்.

"உனக்குத் தெரியுமா மனே?" என்று, மகனைக் கேட்பது போலக் கேட்டேன்.

"தெரியும் ராத்தா."

"காக்கா, அவர விடுங்க" என்றேன்.

நீளமான இரும்புத் தண்டைத் துளைக்குள் இறக்கி ஆள் மாறி ஆள் இடித்தார்கள். அதே காக்காதான் முதலில் பிடித்தார், அழுதுகொண்டே இடித்தார். ஒரு முழம்கூட இடித்திருக்க மாட்டார்கள். தண்டு பொதுக்கென்று இறங்கியது. கொஞ்சம் மண் உள்ளே விழும் சத்தம். பிறகு துளைக்குள்ளிருந்து ஓர் இருமல் வந்தது. இருமிவிட்டு என் வீட்டுக்காரர் கேட்டது இதுதான்: "ஆரடா மண்ணைக் கொட்டுற?"

சனம் சிரித்ததா, அழுததா என்று எனக்குத் தெரியாது. நான் குரவை போட்டேன் என்று பிறகு சொன்னார்கள்.

இருட்டுவதற்குள் பலகை முட்டுக்கொடுத்து வாய்ப்பக்கத்தைத் திறந்து அவரை எடுத்தார்கள். ஒரு கால் நசுங்கியிருந்தது. இன்றைக்கும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார். அந்த ஒற்றைத் துளையைத்தான் கூரை தாங்கியிருந்தது, இன்னும் ஓர் இடி மிஷினால் விழுந்திருந்தால் முழுக்க இறங்கியிருக்கும் என்று உள்ளே போய்ப் பார்த்த யோகன் வந்து சொன்னார். சொல்லிவிட்டு சீனியின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தார்.

அதன் பிறகு ஊரில் அவருக்குப் பெரிய பெயர். "கல்லுக்குள்ள கேக்கிற மனிசன்" என்றார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. யாராவது அந்தக் கதையைத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுவார். அடக்கம் என்று நினைத்தேன். ஒருநாள் என் வீட்டுக்காரர், "மச்சான், அண்டைக்குச் சரியா எவடத்துல உனக்கு விளங்கிச்சு?" என்று கேட்டபோது, தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அதுவும் அடக்கம் என்றே நினைத்தேன். அவர் பிறகும் எத்தனையோ ஊரில் துளைத்தார், எத்தனையோ வீட்டுக்குத் தண்ணீர் கண்டார். ஆனால் ஒவ்வொரு துளையிலும் மற்றவர்கள் போதும் என்கிற இடத்துக்குப் பிறகும் திரும்பத் திரும்பப் பார்ப்பாராம், தூங்க மாட்டாராம். நெஞ்சு நோவை வீட்டில் சொல்லவில்லை.

அவரை அடக்கம் செய்ய எடுத்த ஜனாஸா சாய்ந்தமருதில், அவர் மனைவி வீட்டிலிருந்து போனது. என் வீட்டுக்காரர் அந்தக் காலோடு சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. ஆண்கள் போன பிறகு பெண்கள் வீட்டில் இருந்தோம். றிஸ்மியா என் பக்கத்தில் வந்து இருந்தது. நெடுநேரம் ஓதிக்கொண்டிருந்துவிட்டு, என் கையைப் பிடித்தது.

"ராத்தா, சேர் உசிரோட இருக்கிற வரைக்கும் சொல்லக்கூடாதெண்டு இருந்தன். அண்டைக்கு அவர் கையைத் தூக்கின நேரம் எங்களுக்கு ஒண்டும் தெரியல்ல."

"என்ன மகள் சொல்றீங்க?"

"மௌலவி சொன்னது லொறிக்குப் பின்னால இருந்தவங்களுக்குக் கேக்கல்ல. அவங்க எழும்பி ஜமாஅத் வெச்சாங்க. ஜியோபோன் குத்தின இடத்துக்குப் பக்கத்துல. எல்லாரும் ஒரேயடியா முழங்கால் ஊண்டி சுஜூதுக்குப் போகக்குள்ள நிலம் அதிருது. கம்ப்யூட்டர்ல கோடெல்லாம் கலங்கிட்டு. சேர் திரும்பிப் பார்த்தார். அவங்க நெத்தி நிலத்துல இருந்திச்சு. தொழுகையை நிப்பாட்டச் சொல்லல்ல. மற்றப் பக்கம் திரும்பி, கையைத் தூக்கினார்."

அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை. என் வீட்டுக்காரர் முற்றத்தில் காலை இழுத்து நடக்கிற சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் உன்னால் வந்தது. அது மட்டும் நிச்சயம். அல்லாஹ் உன் கபுறை விசாலமாக்கட்டும், உனக்கு ஃபிர்தௌஸ் சுவனத்தைத் தரட்டும். போய் வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் சீனி, நான் கேட்டேனே, "தெரியும் ராத்தா" என்றாயே. மனே, நீ கையைத் தூக்கியது தெரிந்ததாலா, தெரியாமல் போனதாலா?