கால் வைத்த தொட்டி

என் மாமியாருக்குப் பட்டறையில் வைத்த பெயர் உப்புத்தாள். பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில், பெயின்ட் பகுதியில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். துரு தேய்க்கும் தாள் எப்போதும் கையில் இருந்ததால் வந்த பெயர் என்பார். அவரோடு ஒருவேளை உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு உண்மைக் காரணம் தெரியும்.

இடுப்பெலும்பு முறிந்து ஒருவழியாகத் தேறிய பிறகும் அவரால் குனிந்து வாளியில் தண்ணீர் மொள்ள முடியவில்லை. குளிப்பாட்டும் வேலை என் தலையில் விழுந்தது. எங்களுக்குள் அதற்கு முன்பே ஆகாது. ஸ்டூலில் உட்காரவைத்து ஊற்றினால் கொதிக்கிறது என்பார். ஆற்றி ஊற்றினால் ஜன்னி வரவைக்கப் பார்க்கிறேன் என்பார். முதுகு தேய்த்தால், கரிச்சட்டி துலக்குகிறேனாம். நானும் சும்மா இல்லை, நுரை கண்ணில் போனால் போகட்டும் என்றுதான் தேய்த்தேன். என் கணவர் மத்தளம். இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

ஒருநாள் துண்டைச் சுற்றிவிடும்போது மாமியார் சொன்னார்: "சாகறதுக்குள்ள உன் கை படாம நான் குளிச்சுக் காட்டறேன்."

எனக்கும் அதே ஆசைதான் என்றேன்.

சொன்ன வாயோடு பழைய இரும்புக் கடைக்குப் போன் போட்டுவிட்டார். இடித்துத் தள்ளிய ஏதோ விடுதியின் குளியல் தொட்டி எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து இறங்கியது. வார்ப்பிரும்பு. தூக்கி வந்த ஆட்கள் வாழ்நாளில் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னார்கள். அதன் நான்கு கால்களும் தனியே ஒரு சாக்கில் வந்தன, ஒவ்வொன்றும் உருண்டையைக் கவ்விய கழுகு நகம். தொட்டியில் உட்கார்ந்து குழாயைத் திருகினால் தண்ணீர் தானாக வரும், ஊற்ற எவளும் வேண்டாம் என்பது அவர் கணக்கு.

தொட்டியைத் தரையில் சாக்கின்மேல் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். கம்பி பிரஷ்ஷால் துரு சுரண்டினார், சொட்டை விழுந்த இடங்களுக்குப் பட்டி பார்த்தார், தேய்த்தார், மறுபடி தேய்த்தார். சிவப்புத் தூள் பறந்து என் துணிக்கொடியில் அப்பியது. சண்டைக்குப் போனேன். கொடியை மாற்றிக் கட்டச் சொன்னார். வீட்டுக்குள் சோறுகூட பெயின்ட், தின்னர் வாடை அடித்தது. ஆனால் வேலையில் குறை சொல்ல வாய் வரவில்லை. அதுவே எனக்கு எரிச்சல்.

தினமும் வேலை முடிந்ததும் விளிம்பைப் பிடித்துக் காலைத் தூக்கி உள்ளே வைத்து, காய்ந்த தொட்டியில் உட்கார்ந்து பார்ப்பார். பிறகு எழுந்து வெளியே வருவார். எனக்குத் தெரிய வேண்டும் என்றே நான் நிற்கும் நேரம் பார்த்துச் செய்வார். தொட்டியின் நான்கு கால்களும் அப்போது என் சமையலறை ஜன்னலில் பளபளத்துக்கொண்டிருந்தன.

ஆட்கள் வந்து தொட்டியைக் குளியலறைக்குள் நகர்த்தினார்கள். கால்களைப் பூட்டினார்கள். பிளம்பர் குழாயை இணைத்துவிட்டுப் போனார். மாமியார் ராணி மாதிரி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். குழாய் ஓடியது, நின்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. கதவைத் தள்ளிப் பார்த்தேன். காலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். பூட்டிய கால்கள் விளிம்பை ஒரு சாண் உயர்த்தியிருந்தன. அளவு நாடா இல்லாமல் ஆணிகூட அடிக்காத மனுஷி, தரையில் கிடந்த தொட்டியில் ஏறிப் பழகிவிட்டு இதை யோசிக்கவே இல்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அக்குளில் கைகொடுத்து உள்ளே இறக்கினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "முடிஞ்சதும் கூப்பிடுங்க அத்தை, வந்து தூக்கறேன்" என்றேன், தேன் ஒழுக.

கூப்பிடவில்லை. வெங்காயம் நறுக்கினேன், காது அங்கேயே இருந்தது. தண்ணீர் கொடகொடவென்று வடிந்தது. அப்போதும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. கடைசியில் குளிக்கிற மக்கால் தொட்டியை அடித்தார். இரும்பு கணகணவென்றது.

வெறும் தொட்டியில் துண்டைப் போர்த்தி நடுங்கிக்கொண்டிருந்தார். "பின்னால செங்கல்லு கெடக்கு. அந்த அகலப் பலகையும் எடுத்துட்டு வா" என்றார். எதற்கென்று கேட்காமல் கொண்டுவந்தேன். ஈரத் தரையில் மண்டியிட்டு, ஒட்டி வை, ஆடுகிறது, திருப்பி வை என்று அவர் ஏவ ஏவ தொட்டியோரம் படியாக அடுக்கினேன். பிறகு பலகைமேல் ஏறி நிற்கச் சொன்னார். நின்றேன்.

"உன்னையே தாங்குதுன்னா என்னைத் தாங்காதா."

இறங்கிக் கையை நீட்டினேன். கையைப் பார்த்தார். சுவர்க்குழாயை ஒரு கையால் பிடித்து எழுந்து, விளிம்பில் உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்துத் தரைக்கு வந்தார். என் கை நீட்டியபடியே இருந்தது.

மறுநாள் காலை பழக்கத்தில் வெந்நீரும் துண்டுமாகப் போனேன். குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது ஒழியும் என்று நான் சபித்த வேலை ஒழிந்துவிட்டது. சந்தோஷம் வரவேண்டும். எனக்கு அழுகையும் ஆத்திரமும்தான் வந்தன. அந்தப் படியை என் கையால்தானே கட்டிக்கொடுத்தேன்.