மோகனா கடைந்த நாயனம்

பாயான் பாரு அங்காடிக் கடையில் தோசை வந்ததும் மோகனா உடனே பிய்த்து வாயில் போடுவதில்லை. கைப்பையிலிருந்து தடிமன் அளக்கும் இரும்புக் காலிப்பரை எடுக்கிறாள். தோசையின் ஓரத்தைக் கவ்வி, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள்.

"ரெண்டே கால் மில்லி. போன வாரம் மூணு இருந்துச்சு. மாவுல கை வைக்கிறீங்களாண்ணே?"

"ஒரு நாளைக்கு என் கழுத்தையும் அளந்துடுவீங்க லா அக்கா," என்று கடைக்காரர் சட்னியை இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு நகர்கிறார்.

மோகனாவுக்கு நாற்பத்தாறு வயது. அதில் பத்தொன்பது வருடம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் போய்விட்டது. கடைந்து வரும் உதிரிப் பாகங்களைச் சோதிப்பது அவள் வேலை. தலைமுடியில் பாதி அளவு பிசகினாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவாள். வீட்டிலும் அதே கண்தான். கல்யாண வீட்டில் தோரணம் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பந்தியில் உட்காரமாட்டாள். "இவ கையில மாட்டினா அம்மன் மூக்குத்தியே ரிஜெக்ட்தான்" என்று கணவன் தயாளன் கேலி செய்வான்.

அந்தக் கேலி ஆடி மாதம் நின்றுபோனது.

தயாளன் பகலில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவன். வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோவில் நாயனக்காரன். இருபத்திரண்டு வருடமாக ஒரே நாயனம், ஆச்சா மரத்தில் கடைந்தது. ஒரு மத்தியானம் அதைப் பேருந்தில் வெயில் கொளுத்தும் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்தபோது, மூன்றாவது துளையிலிருந்து அடிவரை மரம் வாய் பிளந்து கிடந்தது. துண்டில் சுற்றி, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"என் கையாலயே கொன்னுட்டேன், மோகனா."

அதன்பின் அவன் பேச்சு குறைந்தது. குளிக்கும்போது பாடும் பழக்கமும் போயிற்று. ஊரிலிருந்து புதிது வரவழைக்கலாம் என்றால், "அது எந்த மரமோ? இது என் மூச்சு ஊறின மரம். நான் இனிமே வாசிக்கல" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மோகனா அந்த முதுகைப் பார்த்தே பேசினாள்.

"மரமாங்க பாடுது? உள்ள இருக்கிற காத்துதான் பாடுது. அந்தக் காத்துக்கு எந்தச் சட்டை போட்டா என்ன?"

சொன்னதோடு நிற்கவில்லை. வெடிப்பைக் கம்பி சுற்றி இறுக்கினாள். குச்சியின் நுனியில் சின்னச் சின்ன வட்டத் தகடுகளைப் பொருத்தி, குழலுக்குள் விட்டு, அரை அங்குலத்துக்கு ஒரு முறை உள்விட்டத்தை அளந்தாள்; துளைகளையும் ஒவ்வொன்றாகக் குறித்தாள். ஒரு வாரத்தில் முழு வரைபடமும் தயார். மேற்பார்வையாளர் ஸுல்கிஃப்லியிடம் போய், கழித்துப்போட்ட கறுப்பு பிளாஸ்டிக் உருளை ஒன்றைத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அம்பில் லா, காக்," எடுத்துக்கோ அக்கா என்றதோடு, வேலை முடிந்தபின் கடைசல் இயந்திரத்தையும் திறந்துவிட்டார் அந்த நல்ல மனுஷர். மூன்று துண்டாகக் கடைந்து ஒன்றாக இணைத்தாள். வாயில் வைத்து ஊதும் சீவாளியும் அடியில் மாட்டும் அணசும் பழையவையே.

தயாளன் ஊதினான். சத்தம் வந்தது. ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகாமல், படிக்கட்டில் இடறுகிறவன்போல் தடுமாறியது. துளைகளின் ஓரத்தில் காற்று சீறியது.

"சொன்னேன்ல. மரம் மரந்தான்." அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. "நாளைக்குச் சாயங்காலம் கோவில் தலைவர் போன் பண்ணுவாரு. எனக்குப் பதிலா இப்ப வாசிக்கிற பட்டர்வொர்த் ஆளுங்களையே நெரந்தரமா வச்சுக்கச் சொல்லிடுறேன்."

மறுநாள் மோகனா விடுப்பு எடுத்தாள். வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் இரண்டு நாயனங்களிலும் சரிபார்த்தாள். எல்லாம் பொருந்தியது. "அப்புறம் உனக்கு என்னதான் கேடு?" என்று பிளாஸ்டிக்கைத் திட்டினாள். அளக்க வேறெதுவும் மிச்சமில்லை. அலுத்துப்போய்க் கருவியை வைத்துவிட்டு, பழைய மரத்தின் துளைகளை வெறும் விரலால் தடவினாள்.

விரல் உள்ளே இறங்கியது.

இருபத்திரண்டு வருடம் ஏறி இறங்கிய விரல்கள் ஒவ்வொரு துளையின் விளிம்பையும் மழுங்கத் தேய்த்துப் பள்ளமாக்கியிருந்தன. அவசரமாக வரைபடத்தைப் பார்த்தாள். கடைசிப் பத்தியில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'ஓரம் தேய்மானம். குறை. சரிசெய்யவும்.' சரிசெய்தும்விட்டாள். புதிய துளைகளின் ஓரம் பிளேடுபோல் நின்றது.

"அடிப்பாவி," என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டாள். "அவரோட இருபத்திரண்டு வருசத்தையே ரிஜெக்ட் பண்ணியிருக்கியே!"

உப்புத்தாளோடு உட்கார்ந்தாள். காலிப்பரைத் தொடவில்லை. மரத்தில் ஒரு தடவல், பிளாஸ்டிக்கில் ஒரு தேய்ப்பு. மேல் துளை அவன் ஆள்காட்டி விரலுக்கு. அதில் பள்ளம் அதிகம். கடைசித் துளை இடப்பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தது. அதையும் அப்படியே சாய்த்தாள். சாயங்காலம் தயாளன் படியேறி வரும்போது அவள் மடியெல்லாம் கறுப்புத் தூள்.

"ஒரே ஒரு தடவங்க."

"விடு மோகனா. ஒடம்பு அசதியா இருக்கு."

"எனக்காக வேணாம். என் வேலை பாஸா ஃபெயிலா, அத மட்டும் சொல்லுங்க."

வேண்டாவெறுப்பாக வாங்கினான். துளைகளில் விரல் வைத்தவன் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு விரலும் தன் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. பிறகு ஊதினான். சுரம் எழுந்து, வளைந்து, குழைந்து, ஒன்றின் மடியில் ஒன்று சரிந்தது. மூடிய கண்ணைத் திறக்காமலே அவன் கால்மணி நேரம் வாசித்தான். எதிர்வீட்டு மர்ஜானா கதவைத் திறந்து நின்றுவிட்டாள். மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போனதுபோல் மோகனா பெருமூச்சு விட்டாள்.

தொலைபேசி அடித்தது. கோவில் தலைவர் கதிர்காமநாதன்.

"யாரையும் கூப்பிட வேணாங்க. வெள்ளிக்கிழமை நானே வந்துடுறேன்," என்று தயாளனே எடுத்துச் சொன்னான். வைத்தவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"இப்பவாவது ஒத்துக்கிறீங்களா, மரத்துல ஒண்ணும் இல்லேன்னு?"

"ஒத்துக்கிறேன் தாயே. ஆனா காத்துக்குச் சட்டை தைக்கிற கைக்கு அளவு தெரிஞ்சிருக்கணும் லா."

மோகனா கையை நீட்டினாள். அந்தக் கறுப்பு நாயனத்தை அவன் கையிலிருந்து வாங்கினாள். முந்தானையால் தூளைத் துடைத்தாள். பிறகு தன் நெற்றிக் குங்குமத்தை மோதிர விரலால் தொட்டு, பிளாஸ்டிக் குழலின் மேல்முனையில் ஒரு பொட்டு வைத்தாள்.